பழைய ஆண்கள் ஸ்வெட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானமாக வந்த பழைய பொருள்களை விற்கும் லண்டன் சாரிட்டி கடையில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு "இது நல்லதா?" என்று கேட்பவர்கள், டொராண்டோவில் பழைய துணிக் கடை ஏறி இறங்குபவர்கள், குன்னூரிலோ கொடைக்கானலிலோ மாமனார் பீரோவைத் திறந்து பார்த்தவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். 1950-களில் தொடங்கி 1990-கள் வரை கடைகளில் விற்ற ஆண்கள் ஸ்வெட்டர், புல்லோவர், கார்டிகன் ஆகியவற்றைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். வீட்டில் ஊசி பிடித்துப் பின்னுவது எப்படி என்பதற்கு வேறு இடம் பாருங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைப் பார்த்து ஸ்வெட்டர் வாங்காதீர்கள், பின்னலைப் பார்த்து வாங்குங்கள். இந்தத் தொழிலில் ஆலையை இழுத்து மூடிய பிறகும் பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

யாரைக் கேட்டாலும் ஹாயிக், ஹாயிக் என்கிறார்கள். அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப் பகுதியில், டெவியட் ஆற்றோடு ஸ்லிட்ரிக் என்ற சிற்றாறு வந்து சேரும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்துக் கிராமமான கால்வெர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ, 1589-ல் காலுறை பின்னும் எந்திரத்தைச் செய்தார். அந்த வகை எந்திரங்கள் நான்கை ஜான் ஹார்டி என்பவர் 1771-ல் ஹாயிக்குக்குக் கொண்டுவந்து வைத்தார். முதலில் காலுறை பின்னினார்கள். பிறகு கம்பளி உள்ளாடை. வெளியே போடும் ஸ்வெட்டருக்கு அந்த ஊர் முழுசாக மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான். உடம்பில் உறுத்தாத துணி, கையில் தட்டாத தையல் என்ற பிடிவாதம் அந்த உள்ளாடைக் காலத்தின் சொத்து என்பது என் எண்ணம்.

அந்த ஊர் ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் சோப்பு நன்றாக நுரைக்கும். பின்னி முடித்த கம்பளியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, இழைகளைக் கொஞ்சமாக உப்ப வைப்பதை அங்கே மில்லிங் என்பார்கள். அந்த வேலைக்கு இந்தத் தண்ணீர் வாகானது. பிரிங்கிள் (1815), லைல் அண்ட் ஸ்காட் (1874), பீட்டர் ஸ்காட் (1878), பேரி (1903) எல்லாம் இதே ஊர்க்காரர்கள். ஒருவரிடம் வேலை கற்றவர் அடுத்த தெருவில் இன்னொருவரிடம் போய்ச் சேரலாம். கைப்பக்குவம் ஊருக்கே பொதுவானதாக இருந்தது. அதனால்தான் யாரும் கேள்விப்படாத லேபிளாக இருந்தாலும் அடியில் ஹாயிக் என்று போட்டிருந்தால் நான் ஒருமுறை உள்ளே புரட்டிப் பார்ப்பேன்.

பிரிங்கிள் என்றதும் கோல்ஃப்தான் ஞாபகம் வருகிறது. அதை எப்படி ஃபுட்பால் ரசிகர்கள் போட்டார்கள்?

கோல்ஃப் ஞாபகத்துக்கு முக்கியக் காரணம் இங்கிலாந்து கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ. 1987-ல் மியூர்ஃபீல்டில் நடந்த ஓபன் போட்டியின் கடைசி நாளில், பதினெட்டுக் குழியிலும் பிசகாமல் பார் (அந்தக் குழிக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை) அடித்து அவர் வென்றார். அன்று அவர் உடம்பில் இருந்தது மஞ்சள் பிரிங்கிள் ஸ்வெட்டர். தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறைக்கு அது அழியாத படம்.

ஆனால் அந்தக் கம்பெனி பெயரெடுத்தது அதற்கு வெகு முன்பே. 1934-ல் ஓட்டோ வைஸ் என்ற ஆஸ்திரியரை முழுநேர வடிவமைப்பாளராக வேலைக்கு வைத்தார்கள். பின்னலாடை ஆலைக்கு டிசைனர் எதற்கு என்று மற்றவர்கள் யோசித்திருந்த காலம் அது. பெண்களுக்கான, புல்லோவரும் கார்டிகனும் ஜோடியாக வரும் ட்வின்செட்டும், ஆண்களுக்கான ஆர்கைல் கட்டமும் பிரிங்கிளோடு ஒட்டிக்கொண்டன. சாய்ந்த வைர வடிவமும், அதன் மேல் குறுக்கே ஓடும் மெல்லிய கோடும் உள்ள அந்த ஆர்கைல், ஸ்காட்லாந்தின் கேம்பல் குலத்தாருக்குரிய டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியிலிருந்து வந்தது என்பார்கள்.

1970-களின் கடைசியில் பிரிட்டனில் கேஷுவல்ஸ் என்று ஒரு கூட்டம் கிளம்பி 1980-களில் பரவியது. ஃபுட்பால் மைதானத்துக்கு அணியின் நிறத்தில் ஸ்கார்ஃப் கட்டாமல், விலை உயர்ந்த விளையாட்டு உடைகளைப் போட்டுக்கொண்டு வந்த தொழிலாளர் வீட்டுப் பையன்கள். பிரிங்கிள், லைல் அண்ட் ஸ்காட், லகோஸ்ட் எல்லாம் அவர்கள் சீருடை ஆயின. ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் கோல்ஃப் ஆடப் போட்டதும் பதினேழு வயதுப் பையன் மைதானத்தில் போட்டதும் ஒரே ஸ்வெட்டர். இன்று பழைய பிரிங்கிளைத் தேடி வாங்குபவர்களில் பலர் அந்தப் பையன்கள்தான்.

2000-ல் ஹாங்காங்கின் ஃபாங் குடும்பம் பிரிங்கிளை வாங்கியது. 2008-ல் ஹாயிக் ஆலையில் உற்பத்தி நின்றது. ஆகவே சமீபத்துப் பிரிங்கிளையும் 1970-களின் பிரிங்கிளையும் ஒரே பொருளாக எண்ணிவிடாதீர்கள். லேபிளில் 'மேட் இன் ஸ்காட்லாந்து' என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'ஆஃப் ஸ்காட்லாந்து' என்பது கம்பெனிப் பெயரின் வால் மட்டுமே.

லைல் அண்ட் ஸ்காட்டின் தங்கக் கழுகுச் சின்னம் எந்தக் காலத்தது?

1960-களில் வந்தது. வில்லியம் லைல், வால்டர் ஸ்காட் என்ற இருவர் தொடங்கிய கம்பெனி. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் இல்லை, அவர் 1832-லேயே காலமாகிவிட்டார். கழுகுக்கு முன்னால் இவர்கள் பிரிட்டனில் அறியப்பட்டது ஒய்-ஃப்ரண்ட் ஜட்டிக்காக. 1938-ல் அமெரிக்கக் கம்பெனியிடம் உரிமம் வாங்கிச் செய்தார்கள். இன்று புதுக் கடைகளில் தொங்கும் கழுகுச் சட்டைகளுக்கும் ஹாயிக்குக்கும் பழைய உறவு கிடையாது.

நல்ல பின்னல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அங்கே பனியன் துணி வட்ட எந்திரத்தில் குழாயாக ஓடி வரும். பின்னால் சுருங்காமல் இருக்க முன்கூட்டியே இறுக்கும் காம்பேக்டிங் முடிந்து கட்டிங் டேபிளுக்குப் போகும். பீஸ் பீஸாக வெட்டி, வெட்டிய ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக்கில் தைப்பார்கள். மலிவான ஸ்வெட்டர்களும் இப்படித்தான் தயாராகின்றன. பழைய நல்ல ஸ்வெட்டரில் வெட்டுவது என்ற வேலையே கிடையாது. முன்பக்கம், பின்பக்கம், கை ஒவ்வொன்றும் எந்திரத்திலேயே அதனதன் வடிவத்தில் இறங்கும். கை அக்குள் பக்கம் குறுக வேண்டிய இடத்தில், ஓரத்துக் கண்ணிகளை (பின்னலின் வளையங்களை) எந்திரமே உள்ளே தள்ளிக் குறைக்கும். இதற்குப் பெயர் ஃபுல்லி ஃபேஷன்ட். லஃப்பரோவின் வில்லியம் காட்டன் 1864-ல் காப்புரிமை பெற்ற எந்திரம் இதை ஆலை அளவில் சாத்தியமாக்கியது. வெட்டினால் கழிவு விழும். பருத்திக் கழிவு போனால் போகிறது. காஷ்மீர் ஆட்டு ரோமத்தை வெட்டிக் கீழே தள்ள எந்த முதலாளிக்கும் மனசு வராது.

கையில் ஸ்வெட்டர் கிடைத்தால் இப்படிப் பாருங்கள். தோள்பட்டையிலிருந்து அக்குளுக்கு ஓடும் தையலுக்கு ஓர் அரை அங்குலம் உள்ளே, தையலோடு சேர்ந்தே வரிசையாகச் சின்னச் சின்னத் தடிப்புகள் தெரிகின்றனவா? கண்ணிகளைத் தள்ளிய அடையாளம் அதுதான். சில தயாரிப்பாளர்கள் வெட்டித் தைத்த ஸ்வெட்டரில் பொய்யாக இந்தத் தடிப்பைப் போட்டு விற்றிருக்கிறார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உண்மையானதில், செங்குத்தாக ஏறும் கண்ணி வரிசைகள் தடிப்பின் பக்கத்தில் சாய்ந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து குறையும். பொய்யானதில் அவை நேராகப் போய்த் தையலில் முட்டி நிற்கும்.

அடுத்து உள்பக்கத்தைப் புரட்டுங்கள். அக்குள் தையலில் நூல் பின்னிப் பின்னித் தடித்திருந்தால் ஓவர்லாக். இரண்டு சுத்தமான ஓரங்களைச் சேர்த்த மெல்லிய தையலாக இருந்தால் நல்லது. கடைசியாகக் கழுத்துப் பட்டை. தரமான ஸ்வெட்டரில் கழுத்தின் ஒவ்வொரு கண்ணியையும் வட்டத் தட்டில் இருக்கும் ஊசிகளில் ஒன்றொன்றாகக் கோத்து இணைப்பார்கள். லிங்கிங் என்ற இந்த வேலைக்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் பின்னல் அங்கிருந்து ஓடிவிடும். கழுத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அலை அலையாக இல்லாமல் ஒரே சீராக விரிந்து திரும்பினால், அதைச் செய்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் லேபிளே இல்லாவிட்டாலும் நான் வாங்குவேன்.

லேபிளை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் லேபிள் சொல்வது பெரும்பாலும் 'இதற்கு முன்னால் இல்லை' என்பதைத்தான்.

நூல் பந்து போலச் சுழலும் கறுப்பு வெள்ளை வூல்மார்க் முத்திரை 1964-ல் வந்தது. அது இருந்தால் ஸ்வெட்டர் அதற்குப் பிந்தையது. அமெரிக்க லேபிளில் டபிள்யூபிஎல் என்று தொடங்கும் எண் இருந்தால், அந்தக் கம்பெனி 1941-க்கும் 1959-க்கும் இடையில் பதிவு செய்தது. 1959 முதல் அதற்குப் பதிலாக ஆர்என் எண்களே கொடுக்கப்பட்டன. எண் கம்பெனிக்குத்தான், ஸ்வெட்டருக்கு இல்லை. 1950-களில் பதிவு செய்தவர் இருபது வருஷம் கழித்தும் அதே எண்ணை அச்சடித்திருப்பார். எப்படித் துவைப்பது என்று சொல்லும் நிரந்தர லேபிள் அமெரிக்காவில் 1972-ல் கட்டாயமானது. அது ஒரிஜினலாகவே இல்லாத அமெரிக்க ஸ்வெட்டர் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கழுத்தில் உறுத்துகிறது என்று வெட்டி எறிந்தவர்களும் உண்டு, தையல் ஓரத்தில் நூல் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

லாம்ப்ஸ்வூல், பாட்டனி, ஜீலாங், ஷெட்லாண்ட் இவையெல்லாம் என்ன?

ஆட்டுக்குட்டிக்கு ஏழெட்டு மாதம் ஆகும்போது முதல்முறை கத்தரிக்கும் ரோமம் லாம்ப்ஸ்வூல். முனை வெட்டுப்படாத இழை என்பதால் மெத்தென்று இருக்கும். ஜீலாங் என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஊர், அங்கிருந்து போன மிக மென்மையான லாம்ப்ஸ்வூலுக்கு அந்தப் பெயர். பாட்டனி என்று பழைய லேபிளில் இருந்தால் மெரினோ, அதாவது மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, என்று படித்துக்கொள்ளுங்கள். ஷெட்லாண்ட் என்ற சொல்லை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். ஷெட்லாண்ட் தீவுகளின் ஆட்டு ரோமமாகவும் இருக்கலாம், அந்த மாதிரி சொரசொரப்பாக நூற்ற வேறு கம்பளியாகவும் இருக்கலாம்.

காஷ்மீருக்கு ஆட்டின் மேல் ரோமம் உதவாது, அடியில் இருக்கும் பஞ்சு ரோமத்தைத்தான் எடுப்பார்கள். ஒரு ஆட்டிடம் ஆண்டுக்கு 150 முதல் 200 கிராம் கிடைக்கும். ஒரு ஸ்வெட்டருக்கு இரண்டு மூன்று ஆடுகளாவது வேண்டும். பழைய ஸ்காட்லாந்துக் காஷ்மீர் ஸ்வெட்டர்களைத் தொட்டால், புதிதில் அவ்வளவு மென்மையாக இருந்திருக்காது போலத் தோன்றும். உண்மைதான். அங்கே மில்லிங்கைக் குறைத்துக்கொள்வார்கள், போடப்போட மென்மையாகும். கடையிலேயே வெண்ணெய் போல இருக்கும் மலிவுக் காஷ்மீர் சீக்கிரமே உருண்டை உருண்டையாகத் திரளும்.

ஃபேர் ஐல் ஸ்வெட்டரை உண்மையிலேயே ஸ்பெயின் மாலுமிகள் சொல்லிக்கொடுத்தார்களா?

கதை அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். 1588-ல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பானிஷ் ஆர்மடா கடற்படையின் கப்பல் ஒன்று ஷெட்லாண்ட் தீவுகளில் ஒன்றான ஃபேர் ஐலில் மோதி உடைந்தது உண்மை. அதில் வந்தவர்கள் பின்னல் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஃபேர் ஐல் ஸ்வெட்டரில் அடுக்கடுக்காகப் பல நிறம் தெரிந்தாலும் ஒரு வரிசையில் இரண்டு நிற நூல்தான் ஓடும். எந்த நிறம் வெளியே தெரியவில்லையோ அது பின்னால் மிதந்து போகும். அதனால் துணி இரட்டிப்பாகிக் குளிரைத் தாங்கும். இதற்கு நேரெதிர் இன்டார்சியா. நல்ல ஆர்கைல் ஸ்வெட்டரில் ஒவ்வொரு வைரத்துக்கும் தனி நூல். உள்பக்கம் மிதக்கும் இழை இருக்காது. புரட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

தீவு மக்களின் ஸ்வெட்டர் பணக்காரர்களின் உடையானது 1922-ல். பிற்பாடு எட்டாம் எட்வர்டாக அரியணை ஏறி, முடிசூடும் முன்பே அதைத் துறந்த வேல்ஸ் இளவரசர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கழகத் தலைவராகப் பொறுப்பேற்று ஆட வந்தபோது ஃபேர் ஐல் போட்டிருந்தார். அதன் பிறகு ஷெட்லாண்ட் பெண்களுக்குப் பின்னி மாளவில்லை.

ஆரன் ஸ்வெட்டரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல், கடலில் மூழ்கியவரை அதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்கிறார்களே?

அயர்லாந்து சுற்றுலாக் கடைகளில் இதை அச்சடித்துச் சட்டத்தில் மாட்டியே வைத்திருப்பார்கள். நம்ப வேண்டாம்.

ஆரன் தீவுகளில் இப்போது நாம் பார்க்கும் தடித்த கயிற்றுப் பின்னல் ஸ்வெட்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. வறுமையில் கிடந்த மேற்கு அயர்லாந்துக்குத் தொழில் தேடித்தர 1891-ல் அமைத்த அரசு வாரியமும், வெளியிலிருந்து வந்த மீனவக் குடும்பங்களின் பின்னல் முறைகளும் அதற்குப் பின்னணி. மூழ்கியவர் கதைக்கு ஊற்றுக்கண் ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1904-ல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு தி ஸீ' நாடகம். அதில் தங்கை அண்ணனை அடையாளம் காண்பது காலுறையை வைத்து. தான் பின்னும்போது விட்டுப்போன கண்ணிகளை அவள் எண்ணிப் பார்ப்பாள். காலுறை எப்படியோ ஸ்வெட்டர் ஆகிவிட்டது, விட்டுப்போன கண்ணி குலச் சின்னமாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் நூல் கடை வைத்திருந்த ஹைன்ஸ் கீவ என்பவர், இந்தப் பின்னல்களுக்கு ஆயிரம் வருஷத்துக் கெல்டிக் ஓவியங்களோடு முடிச்சுப் போட்டு எழுதியது அந்தக் கதைக்கு மேலும் உரமிட்டது.

அமெரிக்காவில் ஆரனைப் பரப்பியது பாட்டு. கிளான்சி சகோதரர்களும் டாமி மேக்கமும் 1961-ல் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வெள்ளை ஆரன் ஸ்வெட்டரோடு தோன்றினார்கள். கதை பொய் என்பதால் ஸ்வெட்டரை ஒதுக்காதீர்கள். கையால் பின்னிய பழைய ஆரன், பிரிட்டிஷ் குளிருக்கு நான் பார்த்ததில் மிக உறுதியான ஸ்வெட்டர்.

அமெரிக்கக் காலேஜ் ஸ்வெட்டர், ஷாகி டாக் என்றால் என்ன?

ஷெட்லாண்ட் வகைக் கம்பளியைப் பின்னி, மேற்பரப்பைச் சீவிச் சீவி நாய் மயிர் போலப் பொசுபொசுவென்று ஆக்குவது. யேல் பல்கலைக்கழகத்தின் வாசலில், நியூ ஹேவனில் 1902-ல் தொடங்கிய ஜே. பிரெஸ் கடை வைத்த பெயர் ஷாகி டாக். அமெரிக்காவுக்கு ஷெட்லாண்ட் ஸ்வெட்டரைக் கொண்டுவந்த பெருமையை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் 1904 என்று தேதி போட்டுக் கோருகிறது. முழங்கை தேய்ந்தாலும் போட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்தக் கல்லூரிகளில் நாகரிகம். அதனால் ஓட்டையில்லாமல் கிடைப்பது அபூர்வம்.

ஜான்ட்சன், காட்டலினா, ராபர்ட் ப்ரூஸ், டவுன்கிராஃப்ட் இவற்றை யாரும் மதிப்பதில்லையே?

விலை ஏறாததும் அதனால்தான், வாங்குபவருக்கு நல்லது. ஓரிகனின் போர்ட்லண்டில் 1910-ல் பின்னலாடைக் கம்பெனியாகத் தொடங்கியதுதான் ஜான்ட்சன் ஆனது. படகோட்டும் கிளப்பினர் கம்பளி ஜட்டி கேட்க, அந்த வழியே நீச்சலுடைக்குப் போய் உலகப் பெயர் எடுத்தது. ஆனாலும் ஸ்வெட்டரை விடவில்லை. காட்டலினா லாஸ் ஏஞ்சலஸ், அதற்கும் நீச்சலுடைதான் முகம். ராபர்ட் ப்ரூஸ் பிலடெல்ஃபியா. கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மர் பெயர் போட்டு அவர்கள் விற்ற அல்பாக்கா (தென் அமெரிக்க விலங்கின் ரோமம்) கார்டிகன், 1960-களின் மாப்பிள்ளைத் தோரணை. தொளதொளவென்ற கையும் மணிக்கட்டில் இறுக்கமும் கொண்டது, கையை வீச வசதி. டவுன்கிராஃப்ட் என்பது அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகளின் சொந்தப் பெயர்.

இவற்றில் பாதி ஆர்லான். டூபாண்ட் 1950-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அக்ரிலிக் இழை அது. வாஷிங் மெஷினில் போடலாம், சுருங்காது, அந்து அரிக்காது என்று அன்று வீட்டுப் பெண்களை மயக்கியது. பான்லான் என்றால் நைலானைச் சுருள வைத்து உப்பச் செய்தது. காற்றுப் புகாது, வேர்த்துக் கொட்டும். ஆனாலும் 1960-களின் பான்லான் கழுத்துச் சட்டைகளின் நிறம் இன்னும் புதுசாகவே இருக்கும். குளிருக்கு வேண்டுமென்றால் கம்பளி தேடுங்கள். அழகுக்கு வேண்டுமென்றால் ஆர்லானையும் பான்லானையும் ஒதுக்காதீர்கள்.

டொராண்டோவில் மான், வாத்து, விமானம் போட்ட தடித்த ஜிப் ஸ்வெட்டர்கள் கிடைக்கின்றன. அவை என்ன?

பெரும்பாலும் மேரி மேக்சிம் பேட்டர்னைப் பார்த்து வீட்டில் யாரோ பின்னியது. மானிடோபாவில் தொடங்கிய நூல் கம்பெனி. 1950-களில் கனடாவில் அந்தப் பேட்டர்ன் வாங்கிக் கணவனுக்கும் பிள்ளைக்கும் பின்னாத வீடு குறைவு. முன்மாதிரி கவுச்சன் ஸ்வெட்டர். வான்கூவர் தீவின் கோஸ்ட் சேலிஷ் பழங்குடிப் பெண்கள் சாயம் ஏற்றாத தடித்த கம்பளியில் பின்னுவது. ஆட்டின் எண்ணெய்ப் பசை நீங்காத நூல் என்பதால் மழையை ஓரளவு தாங்கும். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

கர்ட் கோபேன் ஸ்வெட்டர் கோடிக்கணக்கில் விற்றதே. என் பழைய மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) கார்டிகனுக்கு என்ன கிடைக்கும்?

1993 எம்டிவி அன்பிளக்ட் இசை நிகழ்ச்சியில் நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கோபேன் போட்ட பச்சைக் கார்டிகன், 2019-ல் 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. அக்ரிலிக், மொஹேர், லைக்ரா கலவை. மேன்ஹாட்டன் என்ற சாதாரண லேபிள். சிகரெட் சுட்ட ஓட்டை வேறு. காசு போட்டவர் வாங்கியது அதைப் போட்டிருந்தவரை. உங்களுடையது நன்றாக இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஸ்வெட்டரில் செயின்ட் மைக்கேல் என்று இருக்கிறது. நல்ல கம்பெனியா?

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன் பொருள்களுக்கு வைத்த பெயர். 1928-ல் பதிவு செய்து 2000-ல் கைவிட்டார்கள். ஆகவே சித்தப்பாவின் ஸ்வெட்டர் பெரும்பாலும் அதற்கு முந்தையதாகத்தான் இருக்கும். 'மேட் இன் யூகே' என்றும் லாம்ப்ஸ்வூல் என்றும் இருந்தால், பத்திரமாக வையுங்கள். தரத்தில் பெரிய பெயர்களுக்கு அருகில் நிற்கும், சாரிட்டி கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் யோசனைகளில் காசுக்கு அதிகம் பிரயோஜனப்படுவது இதுதான்.

ஊட்டியில் திபெத்தியர் கடையில் வாங்கியது, அப்பாவின் லால்இம்லி ஸ்வெட்டர்: இவை இந்தக் கணக்கில் வருமா?

திபெத்தியர் விற்பது பெரும்பாலும் லூதியானாவில் மொத்தமாக எடுத்து வருவது. கையால் பின்னிய தொப்பி, சால்வை தவிர மற்றவை எந்திர வேலை, அக்ரிலிக்தான் அதிகம். பழைய கடைகளில் கேஷ்மிலான் என்று விற்றதும் அக்ரிலிக்தான், காஷ்மீர் ஆட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

லால்இம்லி வேறு ஜாதி. கான்பூரில் 1876-ல் தொடங்கிய கம்பளி ஆலையின் பெயர். பஞ்சாபின் தாரிவாலில் இருந்த ஆலையும் அதே குழுமம், இரண்டும் 1981-ல் அரசுடைமை ஆயின. வடக்கே ராணுவத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர்க்காரர்கள் பெட்டியில் இந்தக் கம்பளிகள் வந்திருக்கும். நல்ல கனமான தூய கம்பளி. மான்டே கார்லோ அதற்கு ரொம்பப் பின்னால், 1984-ல் லூதியானாவின் ஓஸ்வால் குழுமம் தொடங்கியது.

சென்னையில் இருக்கிறேன். எனக்கு எதற்கு இதெல்லாம்?

ஜான் ஸ்மெட்லி பாருங்கள். டெர்பிஷரில் லீ மில்ஸ் என்ற இடத்தில் 1784 முதல் நடக்கும் ஆலை. ஸீ ஐலண்ட் என்ற நீண்ட இழைப் பருத்தியில், மிக நெருக்கமாக ஊசி வைத்துப் பின்னும் காலர் சட்டைகள் இவர்கள் அடையாளம். சட்டை மாதிரி மெல்லிசாக இருக்கும், ஸ்வெட்டர் மாதிரி வடிவத்திலேயே பின்னியது. மார்கழி மாலைக்குப் போதும். ஏசி ஆபீஸுக்கு வருஷம் முழுக்க உதவும்.

எப்படித் துவைப்பது? சுருங்கிவிட்டால்?

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் அலசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், துணி இறுகிக் கட்டியாகும். அது திரும்ப வராது. இணையத்தில் ஹேர் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் சரியாகும் என்கிறார்கள். லேசாகச் சுருங்கியதற்குக் கொஞ்சம் பலன் தரும், கட்டியானதற்குத் தராது.

கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், கம்பளிக்கென்று விற்கும் திரவம். ஊறவைத்து அமுக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம், பிழிய வேண்டாம். துண்டில் சுருட்டி ஈரத்தை உறிஞ்ச வைத்து, நிழலில் பாய் மேல் தட்டையாகக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் தோள் இறங்கி, கை முழங்கால் வரை வரும். ஹேங்கரிலும் மாட்டாதீர்கள், மடித்து வையுங்கள். ஒவ்வொரு முறை போட்டதும் துவைக்க வேண்டியதில்லை, காற்றாட விட்டால் போதும்.

அந்துப்பூச்சி?

பறக்கும் பூச்சி கடிப்பதில்லை, அதன் புழுதான் ரோமத்தைத் தின்னும். வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருக்கும் இடத்தை விரும்பித் தின்னும் என்பதால், எடுத்து வைக்கும் முன் கட்டாயம் துவையுங்கள். பழைய கடையில் வாங்கியதை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு செத்துவிடும். பாச்சை உருண்டை வேலை செய்யும், ஆனால் அந்த நாற்றம் போகாது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வேப்பிலையை மட்டும் நம்பி நல்ல காஷ்மீரை வைக்க மாட்டேன்.

உருண்டை உருண்டையாகத் திரண்டால் மோசமான ஸ்வெட்டரா?

முதல் சில முறை திரண்டால் சாதாரணம், சீப்பால் எடுத்துவிடுங்கள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தால் துண்டு இழைகளில் நூற்ற மலிவு நூல்.

சைஸ் எப்படிப் பார்ப்பது?

லேபிளில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். பழைய மீடியம் இன்றைய ஸ்மாலுக்கு அருகில் இருக்கும். எத்தனை முறை துவைத்தார்கள் என்பது வேறு. நீளமும் குறைவு, அந்தக் காலப் பேன்ட் தொப்புள் வரை ஏறும், ஸ்வெட்டர் அதைத் தொட்டால் போதும். இன்றைய இறங்கிய பேன்டுக்கு அது வயிற்றைக் காட்டும். உங்களுக்குப் பொருந்தும் ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளிலிருந்து அடி வரை, கழுத்து நடுவிலிருந்து மணிக்கட்டு வரை என மூன்று அளவு எடுத்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள். ஆன்லைனில் வாங்கினால் விற்பவரிடம் இதே மூன்றையும் கேளுங்கள். அளந்து சொல்ல மறுத்தால் வேறு ஆளிடம் வாங்குங்கள்.